பதிவேட்டில் 68 பேர்

பிப்ரவரி 23, 2015, திங்கள்

காலை ஏழே முக்காலுக்கே கல்வி அலுவலகம் வந்துவிட்டேன். நாற்காலியில் உட்கார ஒன்பது ஆயிற்று. நடுவில் எல்லாம் வணக்கம்தான். வட கானாவில் அதைச் சுருக்கிக்கொள்ள வழியே இல்லை. "டசிபா" என்பார்கள், "நா" என்க வேண்டும். தூக்கம் எப்படி, வீட்டில் எப்படி, வேலை எப்படி, எல்லாவற்றுக்கும் ஒரே "நா". வந்த புதிதில் நேரே விஷயத்துக்குப் போய்விட்டேன் என்று கணக்குப் பிரிவுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது காவலாளியிலிருந்து தொடங்கி ஒருவரையும் விடுவதில்லை.

112 பள்ளிகளின் கணக்கெடுப்புப் படிவங்கள் மேஜையில் குவிந்திருக்கின்றன. கரண்ட் இல்லை. 12 மணி நேரம் இருந்தால் 24 மணி நேரம் இருக்காது. இதற்கு இங்கே 'டும்சோர்' என்று பெயர். அக்கான் மொழியில் 'விளக்கை அணை, ஏற்று' என்று பொருள். ஜெனரேட்டர் இருக்கிறது, பெட்ரோலுக்குத்தான் காசில்லை.

பிப்ரவரி 25, புதன்

பள்ளிகளை மேற்பார்வை பார்க்கும் சர்க்யூட் சூப்பர்வைசரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து 30 கிலோமீட்டர். ஹர்மட்டான் என்னும் பாலைக்காற்றின் புழுதி பல்லிடுக்கில் எல்லாம் நறநறவென்றது.

ஆறாம் வகுப்பில் தலையை எண்ணினேன், 41. பதிவேட்டில் 68. "இன்று சந்தை நாள்" என்றார் தலைமை ஆசிரியர். ஆறு நாளைக்கொரு சந்தை. அன்றைக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள், அது உண்மைதான். ஆனால் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே நாலு வாரமாக நீல மையில் டிக், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டது மாதிரி. பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையைக் கேட்டேன். "அக்ரா" என்றாள். தலைநகருக்கு, கயாயோ வேலைக்கு, அதாவது சந்தையில் தலைச்சுமை தூக்க. இந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் அப்படித் தெற்கே போகிறார்கள்.

பள்ளி மானியம் பதிவேட்டில் உள்ள பிள்ளைக்கு வருடத்துக்கு 4.50 செடி, அதாவது கானா பணம். 27 பேரைக் கூட்டி எழுதினால் 121.50. அதுவும் தவணை தவறித்தான் வருகிறது. சாக்பீஸ் தலைமை ஆசிரியர் தன் காசில் வாங்கியது. திருட்டு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"அவள் பெயரையாவது அடித்துவிடலாமே, சார்?"

"அடித்துவிட்டால், மேடம், திரும்பி வருகிறவள் எங்கே போய் உட்காருவாள்?"

பிப்ரவரி 27, வெள்ளி

கரண்ட் வந்தது! 31 படிவம் முடித்தேன். மதியம் எல்லோரும் தொழுகைக்குப் போய்விட, அலுவலகத்தில் நானும் மின்விசிறியும்தான். அந்தப் பள்ளியின் படிவத்தை மட்டும் மூன்று தடவை எடுத்து எடுத்து அடியில் வைத்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

கணக்கெடுப்பு அப்படியே நிற்கிறது. 6ஆம் தேதி சுதந்திர தினம், 58ஆவது. எந்தப் பள்ளி எந்த வரிசையில் அணிவகுக்கும் என்று பட்டியல் தயாரிப்பது என் தலையில் விழுந்தது. தமிழ்ப் பெண்ணுக்குக் கானாவின் சுதந்திர தினத்தில் இப்படியொரு பொறுப்பு. நாலு தடவை மாற்றினார்கள், நாலு தடவையும் ஜெராக்ஸ் கடைக்கு ஓட்டம்.

மதியம் டைப்பிஸ்ட் அக்கா கிண்ணத்தைத் திறந்ததும் வழக்கம்போல "யூ ஆர் இன்வைட்டட்" என்றார். பேச்சுக்குத்தான் சொல்வார்கள். பசியில் நான் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேவிட்டேன். துவோ ஜாஃபி, நம் சோளக்களி மாதிரி. கூடவே வழவழவென்று கீரைக் குழம்பு. அக்காவுக்கு ஒரே சிரிப்பு.

மார்ச் 6, வெள்ளி

வெயில். தண்ணீர் பாக்கெட் பத்து மணிக்கே தீர்ந்தது. மயங்கி விழுந்தவர்கள் மூன்று பேர். அந்தப் பள்ளியும் வந்திருந்தது. வெள்ளைக் கையுறை போட்டிருந்தது முதல் வரிசை மட்டும். என்னைப் பார்த்ததும் தலைமை ஆசிரியர் தூரத்திலிருந்தே கையை உயர்த்தினார்.

மார்ச் 9, திங்கள்

படிவம் கேட்பது சேர்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று, வந்திருப்பவர்களை அல்ல. 68 என்றே டைப் செய்தேன். குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. 'ஒரு மாணவி அக்ராவில்' என்று தொடங்கினேன். நாற்பது எழுத்துக்கு மேல் ஏறவில்லை.