கொழுப்பைச் சோதிப்பது லேசல்ல

கொழுப்பு வகைப் பொருட்கள் கிருமியைக் கொல்லுமா என்று ஆய்வகத்தில் சோதிப்பது என் வேலை. அது தெரிந்தவர்கள் எல்லாரும் தேங்காய் எண்ணெய் கிருமியைக் கொல்லுமா என்று கேட்பார்கள். எண்ணெயாக இருக்கும்வரை பெரிதாக ஒன்றும் செய்யாது என்பேன். அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம்தான். ஆனால் அது எண்ணெய் மூலக்கூறின் முதுகெலும்பான கிளிசராலோடு மும்மூன்றாகக் கட்டுண்டு கிடக்கிறது. கட்டு அவிழ்ந்து தனி அமிலமாகவோ, ஒரே ஒரு லாரிக் அமிலம் ஒட்டிய மோனோலாரினாகவோ ஆனால்தான் பாக்டீரியாவின் சவ்வில் புகுந்து அதைக் குலைக்கும்.

எங்கள் ஆய்வகத்தில் சோதிக்கும் கிருமி பெரும்பாலும் தோலில் சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்தான். 96 குழித் தட்டில் மருந்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், கிருமியைச் சேர்த்து, இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்து, காலையில் எந்தக் குழி கலங்கியிருக்கிறது என்று பார்ப்போம். வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு இது போதும், கொழுப்புக்குப் போதாது. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் அழகாகக் கரைந்தது, கிருமி வளரும் திரவ ஊடகத்தில் விட்டதும் பால்போல் வெளுத்துவிடும். காலையில் கலங்கித் தெரிவது கிருமியா, கொழுப்பா? அதனால் கிருமியே சேர்க்காத வரிசை ஒன்று கட்டாயம் வேண்டும். அப்புறம் ரெசசுரின் சாயம். உயிருள்ள கிருமி இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும், செத்திருந்தால் நீலமாகவே நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஊதாவாக ஒரு குழி நின்று குழப்பும். அதிலிருந்து எடுத்து அகார் என்ற வளர்ப்புக் கூழில் பூசிப் பார்க்காமல், கிருமியைத் தடுத்த மிகக் குறைந்த அளவு இது என்று நோட்டில் எண் எழுத விடமாட்டேன்.

அதைவிடக் கறாரான சோதனை, ஊடகத்தில் கொஞ்சம் சீரம், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர், சேர்ப்பது. சீரத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் கொழுப்பு அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முந்தைய தட்டில் நீலமாக நின்ற குழிகள் இதில் சிவந்துவிடும். மாணவர்களின் முகம் வாடும். எனக்கோ அந்தத் தட்டுதான் முக்கியம். தோலில் பூசலாம், ரத்தத்தில் செலுத்தினால் பயனில்லை என்று அதுதானே சொல்கிறது! இன்னொரு தொல்லை, கொழுப்பை உடைக்கும் கிருமியின் லைப்பேஸ் நொதி, மோனோலாரினில் லாரிக் அமிலத்தைக் கிளிசராலோடு சேர்க்கும் எஸ்டர் பிணைப்பை வெட்டுவது. அந்த இடத்தில் ஈதர் பிணைப்பு வைத்துச் செய்த டோடெசில்கிளிசராலிடம் அந்த நொதியின் வேலை பலிக்காது.

இப்படிக் கொழுப்பின் அமைப்பை மாற்றி மாற்றிச் செய்வதால் என்ன பலன் என்பவர்களுக்கு மில்டிஃபோசின் என்ற மருந்தைக் காட்டுவேன். செல் சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பின் சாயலில், கிளிசராலை விட்டுவிட்டு, 16 கார்பன் சங்கிலியில் பாஸ்போகோலின் என்ற தலைப்பகுதியை நேரே இணைத்துச் செய்தது. புற்றுநோய்க்காக ஆராயப்பட்ட இந்த மருந்து, 2002இல் இந்தியாவில் மணல் ஈ பரப்பும் ஒட்டுண்ணி நோயான காலா அசாருக்கு அனுமதி பெற்றது. அந்த நோய்க்கு வாய்வழி உட்கொள்ளும் முதல் மருந்து அதுதான். பீகார் கிராமத்து நோயாளிகள் ஊசிக்காகக் காத்துக் கிடக்காமல் 28 நாள் கேப்சூல் விழுங்கினாலே போதும் என்றானது. வாந்தி வரும், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது. போகப் போக நோய் திரும்புவதும் கூடியது. பிறகு அங்கே ஒரே தவணையில் ஏற்றும் ஆம்போடெரிசின் என்ற மருந்து வந்தது. அதையும் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துத்தான் உடம்புக்குள் அனுப்புகிறார்கள்.