செங்கல் வண்டியில் வந்த குழந்தை

ஜூலை 14

போலந்தின் தலைநகர் வார்சாவுக்குக் குடிவந்து இரண்டு வருடமாகியும் சியென்னா தெருப் பக்கம் போனதில்லை. இன்று பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனேன். குடியிருப்புகளுக்கு நடுவே கெட்டோ மதிலின் ஒரு துண்டு மிச்சம் நிற்கிறது. கெட்டோ என்பது யூதர்களைத் தனியே அடைத்துவைத்த பகுதி. 1940 நவம்பரில் ஏறக்குறைய நான்கு லட்சம் யூதர்களை நாஜி ஜெர்மானியர்கள் உள்ளே வைத்து அடைத்தார்கள். சாதாரணச் செங்கல்தான். கை வைத்துப் பார்த்தேன், வெயிலில் சுட்டது.

ஜூலை 15

நேற்றிலிருந்து எல்ஷ்பியேத்தா ஃபிட்சோவ்ஸ்கா நினைவாகவே இருக்கிறது. 1942இல் அவரை அந்த மதிலுக்கு வெளியே கொண்டுவந்தபோது ஆறு மாதக் குழந்தை. அழாமலிருக்கத் தூக்க மருந்து கொடுத்து, மூச்சுக்கு ஓட்டை போட்ட மரப்பெட்டியில் படுக்கவைத்து, செங்கற்களுக்கு நடுவே மறைத்திருக்கிறார்கள். கூடவே ஒரு வெள்ளிக் கரண்டி. அதில் 'எல்ஷூனியா' என்ற செல்லப்பெயரும் 1942 ஜனவரி 5 என்ற பிறந்த தேதியும். நம் வீடுகளில் வெள்ளிப் பாலாடை வாங்குவது போல ஆசையாக வாங்கியிருப்பார்கள். கடைசியில் அதுவே பிறப்புச் சான்றிதழாகிவிட்டது.

இந்த மீட்புக்குப் பின்னால் இருந்தவர் இரேனா செண்ட்லர். நகராட்சியின் சமூகநலத் துறையில் வேலை. டைபஸ் காய்ச்சல் பரவிவிடும் என்று ஜெர்மானியர்களுக்குப் பயம். அதனால் சுகாதாரப் பணி அனுமதிச் சீட்டோடு அவரால் உள்ளே போய்வர முடிந்தது. அவரும் கூட்டாளிகளும் காப்பாற்றிய குழந்தைகள் 2,500 பேர் என்று பரவலாகச் சொல்கிறார்கள். நிஜப் பெயர்களை மெல்லிய தாளில் எழுதி, கண்ணாடிக் குடுவையில் போட்டு மரத்தடியில் புதைத்தார். 1943 அக்டோபரில் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ பிடித்துப் பாவியாக் சிறையில் சித்திரவதை செய்தபோதும் அந்தப் பெயர்கள் வெளியே வரவில்லை. தோழர்கள் லஞ்சம் கொடுத்து அவரை மீட்டார்கள்.

ஜூலை 17

அம்மா மதுரையிலிருந்து கூப்பிட்டார். "போனைப் பாப்பா வாய்கிட்ட வை" என்றார். வைத்தேன். அப்புறம் என்னால் பேச முடியவில்லை.

எல்ஷ்பியேத்தாவின் தாய் ஹெனியாவும் இதைத்தான் கேட்டிருக்கிறார். கெட்டோவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, மகளின் மழலையைக் கேட்டிருக்கிறார். குழந்தை பிழைக்கும் என்று உறுதி தர முடியுமா என்று தாய்மார்கள் கேட்டால், முடியாது என்பதுதான் இரேனாவின் பதிலாக இருந்தது. அதைக் கேட்டும் கொடுத்தார்களே! இரேனாவின் துணிச்சலுக்குக் குறையாதது இது என்றே நினைக்கிறேன்.

வளர்த்தவர் ஸ்தானிஸ்வாவா புசோல்தோவா, மருத்துவச்சி. யூதர்களுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்ற காலம். இரேனா ஒரு குழந்தையைத் தூக்கிவந்த பிறகு, ஒவ்வொரு நாளும் அதை ஒளித்து வைத்துச் சோறூட்டியவர்கள் இவரைப் போன்றவர்கள். இவர் பெயரை இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

ஜூலை 22

1942இல் இதே நாளில் கெட்டோவிலிருந்து ட்ரெப்லிங்கா கொலை முகாமுக்கு ரயில்கள் கிளம்பத் தொடங்கின. இரண்டே மாதத்தில் சுமார் 2,65,000 பேர். ஹெனியாவும் கணவரும் போர் முடியும்வரை பிழைக்கவில்லை. மகளுக்குத் தான் யூதக் குழந்தை என்பது பதினேழு வயதில்தான் தெரிந்தது.

ஸ்தாவ்கி தெருவில், ரயிலேற்றிய இடத்தில், நினைவுச் சுவர் இருக்கிறது. நானூறுக்கும் மேற்பட்ட பெயர்கள். குடும்பப் பெயர் எதுவும் கிடையாது. கரண்டியில் இருந்ததைப் போல அழைக்கும் பெயர் மட்டும். முதல் பெயரில் தொடங்கி ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தேன். பாதியில் பாப்பா விழித்துக்கொண்டாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மீதியையும் வாசித்து முடித்தேன்.