முனியப்பனுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

ஊத்தங்கரைப் பக்கம் ஓர் அணைக்கட்டை ஒட்டிய அகதிகள் முகாமில் எங்களை இறக்கிவிட்ட அன்று, அம்மா வீட்டைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற அரசமரத்தைத்தான் பார்த்தார். "இதன் கீழே யார் இருக்கிறார்?" என்று கேட்டார். பிள்ளையாரும் இரண்டு நாகர் கல்லும் இருப்பதைக் கண்ட பிறகே மூட்டையைக் கீழே வைத்தார்.

திருகோணமலைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். 2005 மே மாதம் எங்கள் நகரத்தின் நடுவே இரவோடு இரவாக ஒரு புத்தர் சிலை முளைத்தது. விடிந்ததும் கடையடைப்பு, பதற்றம். அடுத்த ஆண்டு போர் மூண்டது, படகேறிவிட்டோம். எனக்குத் தெரிந்த புத்தர், காவலரணின் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சிலை.

இங்கே எனக்குக் கிடைத்தது பெயின்ட் அடிக்கும் வேலை. மேஸ்திரி என்னை 'சிலோன்' என்றே கூப்பிடுவார். இரண்டு வருடம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் வேலை. கூடத்தில் புத்தர் படம் மாட்டியிருந்தது. கழற்றி வைக்கச் சொன்னார். என் கை எழவில்லை. "என்ன தம்பி?" என்றார். சொன்னேன். அவர் வாதிடவில்லை. அவருடைய தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு அங்கும் கிளை உண்டு. தாத்தா அதில் இருந்தாராம். தமிழன் பௌத்தனாக இருக்கலாம் என்பதே எனக்குப் புதிது. பள்ளியில் மணிமேகலையை மனப்பாடம் செய்தவன்தான். மனப்பாடம் தேர்வோடு போய்விட்டது.

இரவில் தூக்கமில்லை என்று எப்போதோ வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "ஆனாபானசதி பழகிப் பாருங்கள்" என்றார் டீச்சரம்மா. சதி! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் அந்தச் சிலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பயன்படுத்திய சொல் அல்லவா? பாலி மொழியில் சதி என்றால் விழிப்போடு கவனித்தல் என்று விளக்கினார். உள்ளே போகும் மூச்சையும் வெளியே வரும் மூச்சையும் அறிய வேண்டும். நீளமாக இருந்தால் நீளம் என்று தெரிந்துகொள், குட்டையாக இருந்தால் குட்டை என்று தெரிந்துகொள், திருத்தப் போகாதே. அவ்வளவுதான்.

கண்ணை மூடி உட்கார்ந்தால் எனக்கு வராது. மூடிய கண்ணுக்குள் படகு ஆடும். வந்தது வேலையில்தான். பட்டி பார்த்து, காய்ந்த சுவரை உப்புத்தாளால் தேய்க்கும்போது தூசிக்காக மூக்கைச் சுற்றித் துண்டு கட்டுவோம். மூச்சு வெளியேறும் ஒவ்வொரு முறையும் மேலுதட்டில் வெதுவெதுப்பு. இழுக்கும்போது துணி மூக்கில் ஒட்டும். வேண்டாம் என்றாலும் தெரியும். கை தேய்க்கும், மூச்சு தெரியும், மேஸ்திரி திட்டுவார், அதுவும் தெரியும். கோபம் தொண்டைக்கு ஏறுவதைப் பார்க்கும் அளவுக்கு ஓர் இடைவெளி கிடைத்தது. எல்லா நாளும் அல்ல. கூலி பாக்கி வைத்த நாளில் மூச்சாவது, மண்ணாவது.

சென்னை திருமுடிவாக்கத்தில் பத்து நாள் பேசாமல் இருக்கும் விபாசனா தியான முகாமுக்குப் போகச் சொன்னார் டீச்சரம்மா. கட்டணம் இல்லை, உணவும் உண்டு. எனக்கு 'முகாம்' என்ற சொல்லே போதுமென்று இருந்தது. எங்கள் முகாமை 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்கிறார்கள். ஆட்களைக் கணக்கெடுக்கும் தணிக்கை நாளில் வரிசையில் நிற்பது அப்படியேதான் இருக்கிறது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவருக்கு முனியப்பன் போதும். இந்தப் பக்கம் எல்லை தவறாமல் முனியப்பன் நிற்பார். அம்மா அவரைச் சீக்கிரமே சொந்தமாக்கிக்கொண்டார். தங்கைக்குக் குழந்தை வேண்டி, சேலம் கோட்டை ரோட்டில் இருக்கும் தலைவெட்டி முனியப்பனுக்கு எலுமிச்சம்பழம் வைத்து வேண்டிக்கொண்டார். பேத்தி பிறந்தாள். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அது முனியப்பன் அல்ல, புத்தர் சிலை. துண்டான தலையைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று தொல்லியல் துறை சொல்லியிருந்தது.

செய்தித்தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது முறையும் வாசிக்கச் சொன்னார். பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த கை நின்றிருந்தது.

"அவருக்கும் தலையை வெட்டிவிட்டார்களா?" என்றார். பிறகு, சடையின் நுனியில் ரிப்பனை முடிந்துகொண்டே, "அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.