கல்லடியிலிருந்து அம்மாவுக்குச் செக்-இன்

ஜூனில் அம்மா லண்டனில் பெரியம்மா வீட்டில் நின்றார். அங்கிருந்து பெர்லினில் இருக்கும் தம்பியிடம் போக, இலங்கையில் கல்லடியில் இருந்தபடி நான்தான் மலிவு விமானமொன்றில் டிக்கெட் போட்டேன். மின்னஞ்சலின் அடிப்பகுதியை இரண்டு நாள் கழித்துத்தான் வாசித்தேன். இணையத்தில் செக்-இன் செய்தால், அதாவது பயணத்தை உறுதிசெய்து போர்டிங் பாஸ் எடுத்தால், இலவசம்; விமான நிலையக் கவுண்டரில் செய்தால் காசு. அந்தக் காசு டிக்கெட் விலையை விடக் கூட!

கவுண்டரில் ஆட்களைக் குறைத்தால் செலவு குறையும், அதனால் இப்படிச் செய்கிறார்கள் என்பது விளங்குகிறது. ஆனால் ஐரோப்பாவில் இதற்கு 50 பவுணுக்கு மேல் கேட்பதும் உண்டு. அறுபத்தெட்டு வயதில் போனில் எழுத்தைப் பெரிதாக்கத் தெரியாத ஒருவரிடம் அதை வாங்குவது அநியாயம். இந்தியாவில் 200 ரூபாய் கேட்டதற்கே, கவுண்டரில் போர்டிங் பாஸ் கொடுக்கத் தனிக் காசு வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் அமைச்சு சொல்லிவிட்டது.

அம்மாவின் விமானத்தில், இருக்கைக்குக் காசு கட்டினால் பல நாள் முன்னரே செக்-இன் செய்யலாம். கட்டாவிட்டால் புறப்படுவதற்கு முந்தைய கடைசி 24 மணித்தியாலம்தான். லண்டனில் காலை 6.30 விமானம் என்றால் நமக்கு முதல் நாள் 11 மணி. பதினொன்றுக்கே உட்கார்ந்தேன். டிக்கெட்டின் குறியீட்டு எண்ணையும் குடும்பப் பெயரையும் கேட்டது. அம்மாவின் பெயரை அடித்தேன். அப்படியொரு பதிவே இல்லை என்றது. மூன்று முறை அடித்துப் பார்த்தேன். பிறகு அவருடைய பாஸ்போர்ட் படத்தை எடுத்துப் பார்த்தால், குடும்பப் பெயர் இடத்தில் அப்பாவின் பெயர். அப்பா போய் ஏழு வருசம். அவருடைய பெயரை அடித்ததும் திறந்தது.

அப்புறம் இருக்கைப் படம் வந்தது, ஒவ்வொன்றிலும் விலையோடு. வேண்டாம் என்று தாண்டிப் போகும் வரி, கீழே சின்ன எழுத்தில் இருந்தது. கவனமாகத் தேடுங்கள்.

கிடைத்த போர்டிங் பாஸைப் பெரியம்மாவின் போனுக்கு அனுப்பி, அவருடைய மகன் ஒருவரிடம் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். நம்முடைய இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா பார்த்து, போர்டிங் பாஸில் முத்திரை குத்த வேண்டும் என்பதால், அம்மா எப்படியும் கவுண்டருக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. அதற்குக் காசில்லை. "புள்ள, சிரிச்சுக்கிட்டே குத்திக் குடுத்தாங்க" என்றார்.

திரும்பி வரும் விமானத்துக்கும் முதல் நாள் அலாரம் வைத்திருக்கிறேன்.