ஏழு அட்டைகள்

மார்ச் 3, 2025

அம்மாவின் இரத்தத்தில் கால்சியம் 13.1. பரிசோதனைத் தாளில் அந்த ஓர் எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது.

மார்ச் 4

சமையலறை அலமாரியில் கிடந்த மாத்திரை அட்டைகளை மேசைமேல் பரப்பி எண்ணினேன். அட்டைக்கு நான்கு வீதம் ஏழு அட்டைகள், எல்லாக் குழிகளும் காலி. அம்மா எதையும் தூக்கி எறிய மாட்டார் என்று எத்தனையோ முறை சலித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கம் இல்லையென்றால் இன்று மருத்துவரிடம் சொல்ல என்னிடம் கணக்கே இருந்திருக்காது. ஒன்றில் 60,000 யூனிட் வைட்டமின் டி. 28 நாளில் 16,80,000 யூனிட். பெரியவர்கள் தாமாக நாள்தோறும் எடுத்துக்கொள்வதற்கு உச்ச வரம்பு 4,000 யூனிட். அந்த வரம்பின்படி பார்த்தாலும் இது 420 நாளுக்கானது. எங்கேயாவது ஒரு சைபரைக் கூடுதலாகப் போட்டிருப்பேனோ என்று மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன்.

மார்ச் 5

தூக்கம் இல்லை. அம்மா என்னை அண்ணன் பெயர் சொல்லி அழைத்தார்.

மார்ச் 6

மருத்துவர் முதலில் கேட்டது வேறென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்பதைத்தான். இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்திருக்கிறது. அது சிறுநீரில் போக வேண்டிய கால்சியத்தை உடம்பிலேயே நிறுத்திவிடும் என்பதால் அதை உடனே மாற்றிவிட்டார். வைட்டமின் டி அளவு மீறினால் குடல் கால்சியத்தை அதிகமாக உறிஞ்சுகிறது, எலும்பிலிருந்தும் கால்சியம் கரைந்து இரத்தத்துக்கு வருகிறது, அதைச் சமாளிக்க முடியாமல் சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தாகம், இரவெல்லாம் சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், பிறகு இந்தக் குழப்பம் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனபோது, ஒவ்வொன்றுக்கும் நான் வீட்டில் என்ன வைத்தியம் செய்தேன் என்பது எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. தாகத்துக்கு மாசி வெயில்தான் காரணம் என்று கல்மண்டபம் பக்கம் போய்க் குழாய் வைத்த மண்பானை வாங்கி வந்தேன். மலச்சிக்கலுக்கு இரவுதோறும் வாழைப்பழமும் ஒரு டம்ளர் சூடான பாலும் கொடுத்தேன். கால்சியம் ஏறிக்கொண்டிருந்த உடம்புக்குப் பால்.

இப்போது சலைன் ஏறுகிறது.

மார்ச் 8

12.2.

மார்ச் 9

மருந்துச் சீட்டை மறுபடியும் பார்த்தேன். வாரம் ஒன்று, எட்டு வாரம் என்பது ஆங்கிலக் கிறுக்கலில் இருந்தாலும் படிக்க முடியாதபடி இல்லை. கடையில் கொடுத்த காகித உறையின்மேல் மற்ற மாத்திரைகளுக்குப் போலவே ‘காலை 1’ என்று எழுதியிருந்தார்கள்; நான் சீட்டை விட்டுவிட்டு உறையை நம்பினேன். ஏழு அறைகள் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஞாயிறு முதல் சனி வரை அறைக்கொன்றாகப் போட்டது என் விரல்கள்தாம். எட்டு மாத்திரைகள் எட்டே நாளில் தீர்ந்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். முழங்கால் வலி குறைந்திருப்பதாகவும் அந்த மாத்திரை நன்றாகக் கேட்பதாகவும் அம்மா சொன்னதால், இன்னும் ஐந்து அட்டைகள் வாங்கினேன். கடைக்காரர் சீட்டைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மார்ச் 12

வார்டு ஜன்னலின் வழியே வெயில் அம்மாவின் கால்மேல் விழுகிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விழும் வெயிலால் தோலில் வைட்டமின் டி உண்டாகாது, அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்று தெரிந்தும் எழுந்து திரையை இழுத்துவிட்டேன். காசிமேட்டில் நாள் முழுக்க வெயிலில் நின்று வலை பிரிப்பவர்களுக்கு இந்த நோய் வருவதில்லை. தோலில் தேவைக்கு மேல் உருவாவதை வெயிலே சிதைத்துவிடுகிறது. விழுங்கிய மாத்திரைக்கு அப்படியொரு கடிவாளம் கிடையாது. எங்கள் வீடு இருக்கும் சந்தில் நடுப்பகலிலும் விளக்குப் போட வேண்டும், அதனால்தான் குறைபாடே வந்தது.

சற்றுத் தெளிவாகப் பேசினார். “வெயில் மாத்திரைதானே நைனா, அதுல இன்னா இருக்குது” என்றார்.

மார்ச் 15

வீட்டுக்கு வந்துவிட்டோம். கால்சியம் 11.3, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.6. வைட்டமின் டி-க்கான முடிவில் எண்ணே இல்லை, ‘150-க்கு மேல்’ என்று மட்டும் இருக்கிறது; குறைந்தது 20 இருந்தால் போதும் என்று பல மருத்துவர்களும் கருதுகிற இடத்தில் இது. கொழுப்பில் கரைவதால் உடம்பின் கொழுப்பில் தங்கிவிடும், மாத்திரையை நிறுத்தினாலும் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும், கால்சியம் மறுபடியும் ஏறக்கூடும் என்றார்கள். பால், தயிர் வேண்டாம். முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாடும் வேண்டாம். இதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை.

மார்ச் 18

எதிர்வீட்டு அக்கா வந்து அந்த முழங்கால் மாத்திரையின் பெயரைக் கேட்டார். அம்மா பட்ட பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்தான். இரத்தம் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்றேன்; தான் ஏற்கெனவே சாப்பிடுவதாகச் சொல்லி இரண்டு டப்பாக்களை எடுத்து வந்தார். கால்சியம் மாத்திரையில் 500 யூனிட் வைட்டமின் டி. சத்து மாத்திரையில் 10 மைக்ரோகிராம் என்று இருந்தது, ஒரு மைக்ரோகிராம் என்பது 40 யூனிட் என்பதால் அது 400. இரண்டும் சேர்ந்து 900, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டிலும் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. கால்சியம் மாத்திரையும் சாப்பிடுகிறாரே என்று, சிறுநீரகத்தில் கல் இருந்ததா எனக் கேட்டதற்கு, போன வருடம் என்றார். இரண்டு டப்பாக்களையும் அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லியிருக்கிறேன். போவாரா என்பது சந்தேகம்.

மார்ச் 19

மண்பானையில் இரண்டு நாளாகத் தண்ணீர் அப்படியே இருக்கிறது. அம்மாவுக்குத் தாகம் குறைந்துவிட்டதா, நான் சொன்ன அளவுக்குக் குடிக்காமல் இருக்கிறாரா என்று தெரியாமல் டம்ளர்களை எண்ணத் தொடங்கியிருக்கிறேன்.

மார்ச் 24

10.8. முழங்கால் வலி திரும்பிவிட்டதாம், அந்த மாத்திரையை எப்போது தருவாய் என்று கேட்கிறார். டப்பாவை நிரப்பும்போது இப்போது எதிர்வீட்டு அக்காவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையையும் வாய்விட்டுச் சொல்கிறேன். இன்று வியாழன் அறை வரை சொல்லிவிட்டு, சொன்னேனா இல்லையா என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டி மறுபடியும் ஞாயிறிலிருந்து ஆரம்பித்தேன்.

மார்ச் 27

காலை ஏழு மணிக்கு இரத்தம் எடுக்க வருகிறார்கள். இரவு இரண்டு முறை எழுந்து சிறுநீர் கழித்தார். போன வாரம் ஒரு முறைதான்.