பத்திரிகையில் வந்தால்தான் ஆளா?

"பத்திரிகையில் வந்தால்தான் ஆளா, மேடம்?" என் மாணவி சண்டைக்காகக் கேட்கவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற அதே குரல். சண்டையாக இருந்திருந்தால் பதில் சொல்வது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வகுப்புக்கு நான் கொடுத்த வேலை இது: வீட்டில் பேசும் மொழியில், ஒரு பெண்ணைப் பற்றி, ஒரு விக்கிப்பீடியா கட்டுரை. வேலூர்ப் பக்கத்து வகுப்பறையில் தெலுங்கும் உருதும் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பஞ்சமா? பேரணாம்பட்டுப் பெண்ணான இவள் தன் தெருவில் இருக்கும் ஒரு மூதாட்டியைத் தேர்ந்தெடுத்திருந்தாள். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே, பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்பிள்ளைகளுக்கு உருது எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவரைப் பற்றி அச்சில் ஒரு வரி கிடையாது.

சான்று இல்லாவிட்டால் கட்டுரையை நீக்கிவிடுவார்கள் என்றேன். 2018இல் டோனா ஸ்ட்ரிக்லண்ட் பற்றிய வரைவைக்கூட, போதிய சான்றில்லை என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்க மறுத்தார்கள். அதே ஆண்டு அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. விதி எவ்வளவு கண்டிப்பானது என்று காட்டத்தான் இதைச் சொன்னேன். அவளுக்கோ விதியின் லட்சணம் தெரிந்தது. அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.

"மேரி வர்கீஸைப் பற்றி எழுதேன்" என்றேன். நம் ஊர் மருத்துவமனையில் பணியாற்றியவர். 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே இயக்கம் போனபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். 1972இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரைப் பற்றிப் புத்தகமே இருக்கிறது. "சரி மேடம்" என்று போய்விட்டாள்.

நான் சொன்னது தவறென்று இப்போதும் நினைக்கவில்லை. சான்று வேண்டாம் என்று கதவைத் திறந்துவிட்டால் முதலில் உள்ளே நுழைவது அந்த மூதாட்டியா? சுவரொட்டியில் தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொள்ளும் உள்ளூர்ப் பிரமுகர்கள்தான் முண்டியடித்து வருவார்கள். வாய்மொழித் தகவலையே சான்றாகக் கொள்ளலாமா என்று 2011இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு முயற்சி நடந்தது. விதி அதனால் மாறிவிடவில்லை. மாறாததற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அவள் கொண்டுவந்த உருதுக் கட்டுரையை நான் எப்படித் திருத்தினேன்? எனக்கு உருது வாசிக்கத் தெரியாது. வலமிருந்து இடமாக ஓடும் வரிகளுக்கிடையே மேற்கோள் எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. நல்ல மதிப்பெண் போட்டேன். அதையே மூதாட்டியைப் பற்றி எழுதியிருந்தால், வாசிக்கத் தெரியாத கட்டுரை என்று அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்கும். சான்றுள்ள கட்டுரையை வாசிக்காமலே நம்பினேன். சான்றில்லாததை எழுதும் முன்பே நிறுத்தினேன். இதற்கு ஒரு சமாதானம் உண்டு. மற்ற உருது வாசகர்கள் திருத்துவார்கள், விக்கிப்பீடியா அப்படித்தான் வளர்கிறது. நல்ல சமாதானம்தான். ஆனால் மூதாட்டியின் கட்டுரைக்கும் அது பொருந்தியிருக்குமே!

இன்னொன்றும் தோன்றுகிறது. உயிரோடிருக்கும் அந்த அம்மாளுக்குத் தன் வாழ்க்கை இணையத்தில் ஏறுவதில் விருப்பமா என்று அவளும் விசாரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பொதுவாழ்வில் இல்லாத ஒருவரைப் பற்றி யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பக்கம் ஒன்று எதற்கு? இது கனமான வாதம். ஆனால் அன்று நான் இதைச் சொல்லவில்லை. பிறகு ஓர் இரவில் தேடிக் கண்டுபிடித்தேன். தேடிக் கிடைத்தது என்பதாலேயே அதன்மேல் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

இந்தப் பருவத்துக்கான பெயர்ப்பட்டியலை இப்போது தயாரிக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் குறைந்தது இரண்டு அச்சுச் சான்றுகள் வேண்டும் என்ற நிபந்தனையை எடுக்கவில்லை. உருதுக் கட்டுரைகளை வாசித்துப் பார்க்க உருதுத்துறையில் ஒருவரைக் கேட்டிருக்கிறேன்.