140 கிலோ

இன்று காலை டெட்லிஃப்ட்டில் (தரையில் கிடக்கும் எடையைக் குனிந்து பிடித்து நிமிர்ந்து நிற்பது) 140 கிலோ எழும்பிவிட்டது! மூன்று மாதமாக 132.5-ஐத் தாண்டாமல் கிடந்தேன்.

மாற்றியது ஒன்றே ஒன்றுதான். பாரை, அதாவது எடை மாட்டும் இரும்புக் கம்பியை, வெடுக்கென்று இழுப்பதை விட்டேன். முன்பெல்லாம் இடுப்பு முந்திக்கொண்டு எழும், முதுகு வளையும். இப்போது குனிந்து பிடித்ததும் வயிறு நிறைய மூச்சை அடக்கி, கையை நேராக நீட்டி, பாருக்கும் அதில் மாட்டிய பிளேட்டுக்கும் (எடைத் தட்டு) நடுவே இருக்கும் சின்ன இடைவெளி 'டிக்' என்று அடைபடும்வரை இறுக்குகிறேன். அதன்பிறகுதான் தரையைக் காலால் தள்ளுவது. பார் காலை உரசிக்கொண்டே ஏறுகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு: வெறும் பாரே 20 கிலோ. அதோடு தொடங்கக் கூச்சமே வேண்டாம், என் வார்ம்அப் இன்றைக்கும் அதில்தான். ஆரம்ப வாரங்களில் எடை மளமளவென்று ஏறும். அப்போது தசை அவ்வளவாக வளர்ந்திருக்காது. இருக்கிற தசையை ஒருசேர வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. பிறகு 2.5 கிலோ கூட்டவே மாதக்கணக்கில் ஆகலாம். அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள், அதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. கனமான செட்டுகளுக்கு (நிறுத்தாமல் தூக்கும் ஒவ்வொரு சுற்று) நடுவே மூன்று முதல் ஐந்து நிமிடம் உட்காருங்கள். அது சோம்பேறித்தனம் இல்லை. தூக்கத்தையும் குறைக்காதீர்கள்.

உள்ளங்கையில் காய்ப்பு ஒன்று கிழிந்து, பிடி வழுக்காமலிருக்கப் பூசும் சாக் பவுடர் பட்டு எரிகிறது. பரவாயில்லை.

அடுத்தது ஸ்குவாட், பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது. போட்டி விதிப்படி இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதிக்குக் கீழே இறங்க வேண்டும். நான் இன்னும் ஒரு விரற்கடை மேலேயே நிற்கிறேன். செவ்வாய்க்கிழமை எடையைக் குறைத்து அதைச் சரிபண்ணப் போகிறேன்.